முனியப்பன் கண்ட மாவுப்பூச்சி

சேலம், நாமக்கல் வயல்களின் பூச்சிகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கு, பூச்சியியலாளர் ரங்கசாமி முனியப்பனின் பணியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

2008 ஜூலையில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அவர் கண்ணில் பட்டது, பப்பாளியில் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்த மாவுப்பூச்சி. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. இந்தியாவில் அதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. அவருக்கோ அது பழைய எதிரி. பசிபிக்கில் உள்ள குவாம் தீவில் பல்லாண்டு பணியாற்றியவர் அவர். 2002இல் அங்கே இதே பூச்சி பரவியபோது, ஒட்டுண்ணிக் குளவிகளை விட்டு அடக்கிய குழுவில் அவரும் இருந்தார். குரோமோலேனா என்னும் முரட்டுப் புதர்க்களையை ஒடுக்க, அதன் தண்டில் முடிச்சு உண்டாக்கும் ஓர் ஈயை அத்தீவுக்குக் கொண்டுவந்ததிலும் அவர் பங்கு உண்டு. ஈ என்றாலே பகை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே மாவுப்பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரியில் ஏறியது, குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளியிலும் ஏறியது. உழவர்கள் மருந்தை மாற்றி மாற்றி அடித்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சியை மருந்து எளிதில் தொடாது. அதைத் தின்னும் நன்மைப் பூச்சிகளைத்தான் முதலில் கொல்லும்.

2010இல் பெங்களூருவில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே நன்றாக நிலைத்தது. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். சில மாதங்களில் தோட்டங்கள் தேறின. இதனால் ஐந்தாண்டுகளில் கிடைத்த பயன் குறைந்தது 50 கோடி டாலர் என்று 2014இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவ்வாய்வை எழுதியவர்களில் முனியப்பனும் ஒருவர்.

2020இல் மரவள்ளிக்கே உரிய வேறொரு மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, நம் குச்சிக்கிழங்குக் காடுகளுக்கும் வந்தது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பியிருக்கும் இந்த மண்ணுக்கு அது பேரிடி. இதற்கும் வழி முன்பே காட்டப்பட்டிருந்தது. 1981இல் பராகுவேயில் கண்டெடுக்கப்பட்ட அனாகைரஸ் லோபெசி குளவியைக் கொண்டு ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்த ஹான்ஸ் ஹெரன், அதற்காக 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்தக் குளவி பெனின் நாட்டிலிருந்து இங்கே வரவழைக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வயலுக்கு விடப்பட்டது.

இரண்டு முறையும் வெற்றிக்கு அடிப்படை, பூச்சியைப் பார்த்ததும் இன்னதென்று சொல்லத் தெரிந்த ஆட்கள். அந்தத் திறனைத் தரும் வகைப்பாட்டியலை இன்று மாணவர்கள் அதிகம் நாடாதது பெருங்கவலை.

மாவுப்பூச்சிக்கு இருப்பதுபோலவே, நாமக்கல் கோழிப்பண்ணைகளின் எருக்குழியில் பெருகும் ஈக்கும் இயற்கை எதிரி உண்டு. அதன் கூட்டுப்புழுவைத் துளைத்து முட்டையிடும் குளவிகள் இருக்கின்றன. எரு ஈரமில்லாமல் இருந்தால், கண்டபடி மருந்து அடிக்காமல் இருந்தால், அவை வேலை செய்யும். சேலத்து மாம்பழத்தைக் கெடுக்கும் பழ ஈயையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இங்கே வந்திருக்கும் இளம் ஆய்வாளர்கள் இந்த இரண்டு ஈக்களையும், அவற்றின் எதிரிகளையும் பண்ணை பண்ணையாக, தோப்பு தோப்பாகச் சென்று பதிவு செய்யும் பொறுப்பை ஏற்க வேண்டும்.