மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்

(கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)



ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடையில் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால், மூன்றாம் வகுப்பிலேயே எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாமல் பின்தங்கிய பிள்ளை இந்த மேடை வரை வருவதே இல்லை. அதனால் அந்தப் பிள்ளை நம் கண்ணில் படுவதும் இல்லை. இன்று அந்தப் பிள்ளைக்காகத்தான் பேச வந்திருக்கிறோம். அதற்குத் தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றங்கரையில் ஸ்டூபன்வில் என்றோர் ஊர். இரும்பு உருக்காலைகளால் செழித்த ஊர் அது. 1940இல் அங்கே 37,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பிறகு ஆலைகள் நலிந்தன. வேலை தேடி மக்கள் வெளியேறினார்கள். 2020 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் சுமார் 18,000 பேர்தான்.

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது நம் வருவாய் மாவட்டம் போலப் பெரியதல்ல. பெரும்பாலும் ஓர் ஊரின் அரசுப் பள்ளிகள் மட்டும் ஒரே நிர்வாகத்தில் இருக்கும். ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியம் அதை நடத்தும். ஸ்டூபன்வில் அப்படியொரு சிறிய பள்ளி மாவட்டம். அங்கே வெள்ளையர், கறுப்பினத்தார், இரண்டு இனமும் கலந்த குடும்பத்தார் என எல்லோரின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

வீட்டில் வசதி இருந்தால் மதிப்பெண் கூடும், வறுமை இருந்தால் குறையும் என்பதுதான் பொதுவாக நாம் காண்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷான் ரியர்டன் அமெரிக்கா முழுவதும் பள்ளி மாவட்டங்களின் தேர்வு முடிவுகளைத் திரட்டியபோதும் அதுவே தெரிந்தது. ஆனால் ஸ்டூபன்வில் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 100க்கு 90 பேருக்கு மேல் மாநில வாசிப்புத் தேர்வில் தேறுகிறார்கள். ஓர் ஆண்டு மட்டும் தற்செயலாக நடந்ததல்ல, பல ஆண்டுகளாக இப்படித்தான்.

ஊர் பணக்கார ஊராகிவிடவில்லை. பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்க்கவும் இல்லை. அப்படியானால் என்ன செய்தார்கள்?

முதலாவது, சீக்கிரம் தொடங்கினார்கள். மூன்று வயதிலேயே பிள்ளைகள் மழலையர் பள்ளிக்கு வரலாம். அங்கே ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல விடுவதில்லை, முழு வாக்கியமாகப் பேசப் பழக்குகிறார்கள்.

இரண்டாவது, வாசிப்புக்கென்று தினமும் 90 நிமிடம் ஒதுக்கினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஸ்லேவினும் அவர் மனைவி நான்சி மேடனும் உருவாக்கிய ‘சக்சஸ் ஃபார் ஆல்’ என்ற திட்டம் அது. 1987இல் பால்டிமோர் நகரில் தொடங்கியது. அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்புப்படி உட்காருவதில்லை, வாசிக்கும் நிலைப்படி உட்காருகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் இடம் மாறுவதால் யாருக்கும் வெட்கமில்லை. குழு சிறிதாக இருக்க வேண்டும் என்பதற்காக விளையாட்டு ஆசிரியரும் வாசிப்பு கற்றுக்கொடுக்கிறார். சில வாரங்களுக்கு ஒருமுறை சோதித்து, தேறியவரை அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார்கள். தடுமாறும் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதா? நம் மதரஸாவில் ஹஜ்ரத் ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் அழைத்துப் பாடம் கேட்கிறார். ஒரு பாடம் சரியாக வந்த பிறகுதான் அடுத்த பாடம். இத்தனை வயதாகிவிட்டதே என்று தள்ளிவிடுவதில்லை. இந்தப் பொறுமையைத்தான் அவர்கள் பள்ளி வாசிப்பில் காட்டினார்கள்.

மூன்றாவது, பள்ளிக்கு வராமல் இருப்பதைச் சாதாரணமாக விடவில்லை. பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வராத பிள்ளைக்கு அது போய்ச் சேராது அல்லவா?

நான்காவதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. அவர்கள் திட்டத்தை மாற்றவில்லை. 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியதை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் நடத்துகிறார்கள். புதிய அதிகாரி வந்தால் புதிய திட்டம், புதிய புத்தகம் என்று ஓடவில்லை. கரின் செனவெத் என்ற கல்வி எழுத்தாளர், சாதித்த பள்ளி மாவட்டங்களைப் பற்றி 2021இல் எழுதிய நூலில் ஸ்டூபன்விலையும் சேர்த்திருக்கிறார்.

பெற்றோர்களே, “நாங்கள் படிக்காதவர்கள், எங்கள் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்” என்று நம்மில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வறுமை பெரிய தடை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது முடிவான தீர்ப்பு அல்ல என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் காட்டியிருக்கிறார்கள்.

எனவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். தினமும் கால் மணி நேரம் பிள்ளையை உங்கள் முன் உட்காரவைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள. உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காது கொடுத்துக் கேளுங்கள். வாப்பா கேட்கிறார், உம்மா கேட்கிறார் என்பதே பிள்ளைக்குப் பெரிய ஊக்கம். இரண்டாவது, கல்யாணம், விருந்து, பயணம் என்று பள்ளி நாட்களை வீணாக்காதீர்கள்.

எங்கள் பங்குக்கும் ஒன்று சொல்கிறோம். இந்த ஆண்டு முதல் கல்வி நிதியில் ஒரு பகுதியை ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் மாலை நேர வாசிப்புக்கு ஒதுக்குகிறோம். பரிசுத் தொகை கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை ஓராண்டில் நிறுத்திவிட மாட்டோம். கல்லூரியில் படிக்கும் நம் பெண்களும் பையன்களும் வாரத்தில் இரண்டு மாலை வந்து கைகொடுத்தால் போதும்.

இன்று முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகும். அன்று இந்த மேடையில் ஏறும் பிள்ளைகளில், இன்று எழுத்துக் கூட்டத் திணறும் ஒரு பிள்ளையும் இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், இருக்கும்.