சூரியக் காற்றும் பிழையற்ற கணக்கும்



இவ்வெள்ளி விழாவில் ஓர் இயற்பியலறிஞரைப் பற்றிப் பேச விழைகிறேன். அவர் அமெரிக்க நாட்டு யூஜின் பார்க்கர். 1927-இல் பிறந்து 2022-இல் மறைந்தவர்.

திடம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளைப் பள்ளியில் பயில்கிறோம். நான்காம் நிலை ஒன்றுண்டு. கடும் வெப்பத்தில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னேற்றம் பெற்ற துகள்களின் கூட்டம் உண்டாகிறது. அதுவே பிளாஸ்மா. சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிவட்டம் பத்து லட்சம் டிகிரியையும் கடந்த வெப்பமுடைய பிளாஸ்மாவாகும்.

வால்நட்சத்திரங்களின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாக நீள்வதை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் பியர்மன், சூரியனிலிருந்து துகளோட்டம் இடையறாது வீசுகிறது என்றார். ஆங்கில அறிஞர் சாப்மனோ, ஒளிவட்டம் அசையாது பரந்து நிற்கிறது என்றார். பார்க்கர் கணக்கிட்டார். அத்துணை வெப்பமுடைய பிளாஸ்மாவைச் சூரிய ஈர்ப்பு கட்டி நிறுத்த இயலாது. அது ஒலிவேகத்தை மிஞ்சி வெளியே பாய்ந்தே தீரும் என்று கண்டார். அதற்குச் 'சூரியக் காற்று' எனப் பெயரிட்டார்.

அக்கட்டுரையை மதிப்பிட்ட நிபுணர் இருவரும் அதனை ஏற்கவில்லை. ஆயினும் கணக்கில் பிழை இன்னதென்று அவர்கள் காட்டவுமில்லை. அந்த ஆய்விதழின் ஆசிரியர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1935-இல் லண்டனில் எடிங்டனால் தம் கண்டுபிடிப்பு எள்ளி நகையாடப்பட்டதை அனுபவித்தவர் அவர். பார்க்கரின் முடிவு அவருக்கும் உவப்பாக இல்லை. எனினும் கணக்கில் குற்றமில்லை என்று கண்டு 1958-இல் வெளியிட்டார். 1962-இல் மாரினர்-2 விண்கலம் சூரியக் காற்றை நேரில் அளந்து உறுதி செய்தது.

அக்காற்று சீராக ஓடுவதன்று. ஆற்று வெள்ளத்தில் பெருஞ்சுழி உடைந்து சிறுசுழிகளாவது போல, அதனுள் காந்தப்புலமும் முறுகிக் கலங்குகிறது. அக்கலக்கத்தினூடே விண்கதிர்கள் எவ்வாறு சிதறுகின்றன, காந்த முறுக்குகளின் நுண்வெடிப்புகளால் ஒளிவட்டம் சூடேறுமா என்றெல்லாம் பார்க்கர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். ஒளிவட்ட வெப்பத்தின் காரணம் இன்றும் முழுமையாகத் தீரவில்லை. அவர் பெயர் தாங்கிய விண்கலம் 2018-இல் ஏவப்பட்டபோது, 91 வயதில் அவரே அதனைக் கண்டார். 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியனை 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நெருங்கிற்று.

இளைஞர்களே! பார்க்கரின் கருவிகள் தாளும் எழுதுகோலும் கணிதமுமே. கணிதத்தைக் கைவிடாதீர்கள். "இஃது உங்களுக்கு வராது" என்பார் உளர். பிழை எங்கே என்று அவர்களைக் கேளுங்கள். காட்டினால் திருத்துங்கள், காட்ட இயலாவிடில் மேலே செல்லுங்கள்.