நகலின் குறுக்கே இரண்டு கோடு

இன்று பட்டம் பெறும் இளையோருக்கும், சிலிபின், புந்தோங் வீடுகளிலிருந்தும் ஈப்போவைச் சுற்றிய பழைய தோட்டங்களிலிருந்தும் அவர்களோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிமாருக்கும் வாழ்த்து.

மலேசியக் குடும்பங்களில் பல காலமாக ஒரு பழக்கம் உண்டு. வங்கியிலோ வாடகை வீட்டுக்காரரிடமோ ஐசி எனும் அடையாள அட்டையின் நகலைக் கொடுக்க நேர்ந்தால், நகலின் குறுக்கே பேனாவால் இரண்டு கோடு இழுத்து, நடுவில் ‘இன்ன காரியத்துக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். சட்டக் கல்லூரிப் பக்கமே போகாதவர்களும் இதைச் செய்கிறார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் பக்கம் பக்கமாகச் சொல்லும் கொள்கை இதுதான்: ஒரு காரியத்துக்காக வாங்கிய தகவல் அந்தக் காரியத்தைத் தாண்டிப் போகக் கூடாது. காகிதத்தில் அந்தக் கோட்டைத் தகவலுக்கு உரியவரே போட முடிந்தது. கணினிக்குள் போய்விட்ட தகவலின் மேல் அவரால் கோடு போட முடியாது. அதைப் போட வேண்டியவர்கள், நாளை முகப்பு மேசையிலும் மனிதவளப் பிரிவிலும் மென்பொருள் நிறுவனத்திலும் உட்காரப்போகும் இந்தப் பட்டதாரிகள்.

அந்த அட்டை என்னவெல்லாம் சொல்லிவிடுகிறது என்று பார்க்கலாம். 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த இடம்; பேராக்கில் பிறந்தவருக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணை மட்டும் கண்டவருக்கே இவ்வளவும் தெரிந்துவிடும். வங்கிக் கணக்குக்கும் மருத்துவமனைக்கும் வருமான வரிக்கும் கைத்தொலைபேசி சிம்முக்கும் அதே எண்தான். கசிந்த கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். கசிந்த பிறந்த தேதியை என்ன செய்வது?

இந்த அட்டையின் கதை பேராக் மண்ணில்தான் தொடங்குகிறது. 1948 ஜூன் 16 அன்று, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றனர். சில நாள்களுக்குள் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதை எட்டிய ஒவ்வொருவரும் புகைப்படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டையை வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் அந்த ஆண்டே வந்தது. கெரில்லாக்கள் மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்து அழித்தார்கள். ஒரு துண்டுக் காகிதத்துக்கு எவ்வளவு பலம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. 1950இல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த பிரிக்ஸ் திட்டம் சுமார் ஐந்து லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியேற்றியது. தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் முள்வேலிக்குள் வந்தன. காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, பால் வெட்டப் போகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோகத் தடை இருந்தது. வேலியின் வாசலில் சோதனை நடந்தது. அதைக் கண்ணால் கண்ட தலைமுறை பேராக்கில் இன்னும் வாழ்கிறது. பேரப்பிள்ளைகள் கேட்டால் அவர்கள் சொல்வார்கள். கேட்பதற்கு இனி அதிகக் காலமில்லை.

பேராக்கின் தென்கோடியில் நடந்த ஒன்றையும் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். 1952 மார்ச் மாதம் தஞ்சோங் மாலிம் அருகே, நீர்க்குழாயைப் பழுதுபார்க்கச் சென்ற குழுவைக் கெரில்லாக்கள் பதுங்கியிருந்து தாக்கினர். பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புதிதாக வந்திருந்த உயர் ஆணையர் ஜெரால்ட் டெம்பிளர் நேரே அந்த ஊருக்கு வந்தார். நாளொன்றுக்கு 22 மணிநேர ஊரடங்கு போட்டார், அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார். ஊர் முழுவதற்குமான தண்டனை அது. பிறகு வீடுவீடாகத் தாள்கள் போயின: கெரில்லாக்களைப் பற்றித் தெரிந்ததை எழுதலாம், பெயர் எழுத வேண்டியதில்லை. நிரப்பிய தாள்களை முத்திரையிட்ட பெட்டிகளில் போட்டார்கள். பெட்டிகளைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோய், ஊர்ப் பிரதிநிதிகளின் கண்முன்னே டெம்பிளர் திறந்தார்.

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். ஊரையே பட்டினியின் விளிம்புக்குத் தள்ளிய ஆட்சிகூட, தன் பேச்சை மட்டும் நம்பி மக்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று அறிந்திருந்தது. யார் எழுதினார்கள் என்பது வெளியே தெரியாது, வழியில் யாரும் திறக்க முடியாது, திறக்கும்போது சாட்சி உண்டு என்று காட்ட வேண்டியிருந்தது. இன்றைய குறியாக்கத் தொழில்நுட்பம் தர முயல்வதும் ஏறக்குறைய அந்த மூன்று உறுதிகளைத்தான். அவற்றை இப்போது மக்கள் தங்களுக்காகக் கேட்கிறார்கள்.

பதிவேடே வேண்டாம் என்று சொல்லும் வசதி மலேசியத் தமிழர்களுக்கு இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பதியப்படாமல் போன பிள்ளைகள் பலர். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் ஐசி கிடைப்பது கடினம்; ஐசி இல்லாவிட்டால் பள்ளியும் வேலையும் வங்கிக் கணக்கும் திருமணப் பதிவும் சிக்கல். நாடற்றவர்களாக நின்ற இந்தியர்களைப் பதிவு செய்வதற்கென்றே 2011இல் அரசு மைடஃப்தார் இயக்கத்தை நடத்த வேண்டியிருந்தது. கையில் அட்டை இல்லாத வலியை அறிந்த சமூகம் இது. ஆகவே இந்தச் சமூகம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பதிவேட்டின் சாவி யார் கையில் இருக்கிறது, அது கசிந்தால் யார் பதில் சொல்வது?

இதுவரை கிடைத்த பதில்கள் ஆறுதலாக இல்லை. 2017 அக்டோபரில், 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரங்கள் விற்பனைக்கு வந்தது தெரியவந்தது. அப்போது நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். பெயர், முகவரி, ஐசி எண், சிம் விவரம் எல்லாம் அதில் இருந்தன. தரவு 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தங்கள் விவரம் வெளியே உலவுகிறது என்பது அதற்குரியவர்களுக்குச் சில ஆண்டுகள் தெரியவே இல்லை.

2024 ஜனவரியில் ‘பாடு’ என்னும் தேசிய முதன்மைத் தரவுத்தளம் தொடங்கிய சில நாள்களிலேயே, ஐசி எண்ணை மட்டும் கொண்டு பிறர் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றக்கூடிய ஓட்டை அதில் இருப்பதை வெளியார் எடுத்துச் சொன்னார்கள். ஓட்டை அடைக்கப்பட்டது, சொன்னவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு வெளிவந்த தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையோ, தடுப்பூசி போட்டுக்கொண்ட 30 லட்சம் பேரின் தரவு கோவிட் செயலியான மைசெஜாதெராவிலிருந்து ஒரு ‘சூப்பர் அட்மின்’ கணக்கின்வழி பதிவிறக்கப்பட்டதைக் குறிப்பிட்டது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ‘காவல்துறையிலிருந்து பேசுகிறோம்’ என்று மிரட்டும் அழைப்பு ஏன் பலிக்கிறது? பேசுபவர் பெயரையும் ஐசி எண்ணையும் வீட்டு முகவரியையும் பிசகாமல் சொல்கிறார். ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, தன் சேமநிதிப் பணத்தை இன்னொருவர் கணக்குக்கு மாற்றிவிட இந்த ஒரு நம்பகத்தன்மை போதும். அந்த ‘இன்னொருவர் கணக்கு’ பல வேளைகளில் ஒரு மாணவருடையது. சில நூறு வெள்ளிக்கு ஏடிஎம் அட்டையைக் கொடுத்துவிட்டுக் குற்ற வழக்கில் மாட்டிக்கொள்கிறார். 2022 அக்டோபரிலிருந்து 997 என்ற எண் இப்படிப்பட்ட மோசடிகளுக்காகவே இயங்குகிறது. பணம் போனது தெரிந்த நிமிடமே அந்த எண்ணை அழைக்க வேண்டும். இதை இன்று இரவே வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியில் பதிந்து கொடுக்கலாம்.

தகவலை ஒரே இடத்தில் குவிக்காமலே காரியத்தை முடிக்க முடியுமா? முடியும் என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. முதலில் அதற்கு எதிரான கதை. 2020 மார்ச்சில் சிங்கப்பூர் டிரேஸ்டுகெதர் செயலியை வெளியிட்டது. தொற்றுத் தடமறிதலுக்கு மட்டுமே அந்தத் தரவு பயன்படும் என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் அந்த ஆண்டு உறுதி சொன்னார். 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறை அதைப் பெற முடியும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. தாம் முன்பு பேசியபோது அந்தச் சட்டத்தை நினைத்துப் பார்க்கவில்லை என்று அமைச்சர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே, கடும் குற்றங்களுக்கு மட்டும் என வரம்பு கட்டிச் சட்டம் இயற்றினார்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த வாக்குறுதியும் தரவைத் திறக்கும் சாவி ஓரிடத்தில் இருந்தால் இப்படி ஆட்டம் காணும்.

அதே 2020இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வேறொரு வழி கண்டார்கள். ஆப்பிளும் கூகுளும் அதே போக்கில் தங்கள் அமைப்பைக் கட்டின. கைப்பேசி சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும் பொருளற்ற எண்ணை ஒலிபரப்பும். அருகிலுள்ள கைப்பேசிகள் அதைத் தமக்குள்ளேயே குறித்துக்கொள்ளும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அவர் சம்மதித்தால், அவருடைய எண்களுக்கான திறவுகோல்கள் மட்டும் வெளியாகும். ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அவரவர் கைப்பேசியில் நடக்கும். யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற பட்டியல் எந்தச் சேவையகத்திலும் உருவாவதே இல்லை. உருவாகாத பட்டியலை எந்த அதிகாரி கேட்டாலும் கொடுக்க முடியாது, எந்தத் திருடனும் எடுக்க முடியாது.

சிக்னல் செய்திச் செயலியின் கதையும் இதையே காட்டுகிறது. 2016இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பயனர் விவரம் கேட்டு அதற்கு அழைப்பாணை வந்தது. கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த தேதி, இவ்விரண்டை மட்டுமே அதனால் கொடுக்க முடிந்தது. வேறெதையும் அது சேர்த்து வைத்திருக்கவில்லை. புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளும் 2016 முதல் அதே முறையில் குறியாக்கம் செய்யப்படுகின்றன; ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விவரம் தனி. செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தாலும், உறையின் மேல் எழுதிய முகவரியைத் தபால்காரர் படிக்கத்தான் செய்கிறார்.

ஒரே இடத்தில் குவிக்காத பரவலாக்கம் என்ற பெயரில் வருவதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. பிட்காயினை நடத்தும் மைய வங்கி எதுவும் இல்லை. ஆனாலும் அதன் ஒவ்வொரு பரிமாற்றமும் எல்லாரும் படிக்கக்கூடிய பொதுப் பேரேட்டில் என்றென்றும் நிற்கிறது. எந்த முகவரி யாருடையது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அதன் முழு வரலாறும் திறந்த புத்தகம்.

சட்டம் என்ன சொல்கிறது? மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பில் அந்தரங்க உரிமை பெயர் சொல்லி எழுதப்படவில்லை. வழக்கறிஞர் சிவராசா ராசையா தொடுத்த வழக்கில், 5ஆம் விதியிலுள்ள தனிமனிதச் சுதந்திரம் அந்தரங்க உரிமையையும் உள்ளடக்கியது என்று நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதினார். வழக்கறிஞர் மன்றப் பதவி பற்றிய வழக்கு அது; சிவராசா கேட்டது கிடைக்கவில்லை. அந்த வாசகம் நிலைத்துவிட்டது. 2010இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 3ஆம் பிரிவு கூட்டரசு, மாநில அரசுகளுக்கு விலக்கு அளிக்கிறது. நாட்டிலேயே அதிகமான தகவலை வைத்திருப்பவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் விதி எழுதிய சட்டம் அது. 2024இன் திருத்தமும் அந்த விலக்கைத் தொடவில்லை.

அந்தத் திருத்தத்தில் நல்லதும் இருக்கிறது. 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் நிறுவனம் 72 மணிநேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும் பாதிப்பு நேரக்கூடும் என்றால் அதற்குரிய மக்களுக்கும் சொல்ல வேண்டும். பெருமளவு தரவைக் கையாளும் நிறுவனங்கள் அதற்கென ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். பட்டதாரிகளுக்கு இது ஒரு புதிய வேலைவாய்ப்பும்கூட.

ஆனால் ஈப்போவின் சிறு கிளினிக்குக்கும் டியூஷன் நிலையத்துக்கும் பட்டறைக்கும் அப்படி ஓர் அதிகாரி வரப்போவதில்லை. அங்கே முகப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர்தான் அந்த அதிகாரி. படிவத்தில் ஐசி எண் கேட்கும் கட்டம் எதற்கு என்று முதலாளியிடம் அவர் கேட்கலாம்; தேவையில்லை என்றால் அதை அச்சிலிருந்தே எடுத்துவிடலாம். அலமாரியில் தூங்கும் பழைய நகல்களைக் கிழித்து அழிக்கலாம். நோயாளிகளின் பட்டியலைப் புலனக் குழுவில் போடாதிருக்கலாம். குடியிருப்பின் வாசலில் காவலாளி ஐசியை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் கேள்வி கேட்கலாம். 1990ஆம் ஆண்டின் தேசியப் பதிவு விதிமுறைகள், அட்டையைக் கேட்டுப் பரிசோதிக்கும் அதிகாரத்தைப் பதிவு அதிகாரி, காவல்துறை, கடமையிலுள்ள படையினர் போன்ற சிலருக்கே தருகின்றன.

3ஆம் பிரிவை மட்டும் மேசையில் உட்கார்ந்து மாற்ற முடியாது. அதற்கு நாடாளுமன்றம் வேண்டும். அடுத்த பொதுத்தேர்தலில் வாக்குக் கேட்டு வேட்பாளர்கள் சிலிபின் வீதிகளில் இறங்கும்போது, இன்று பட்டம் வாங்குகிறவர்கள் வாசலில் நின்று அவர்களைக் கேட்கட்டும்: அரசுத் துறைகளும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு மசோதா வந்தால், கை தூக்குவீர்களா?