தற்காலிகப் பண்டகசாலையும் தீக்காப்பும்
(சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் அங்கத்தினர்களின் பஞ்சுப் பொதிகளை வைப்பதற்கு ஆறு மாத காலத்திற்குக் கொட்டகை ஒன்று அமைக்கத் தீர்மானித்திருக்கிறோம். பின்னர்ப் பிரிக்கப்போகும் கொட்டகைக்குத் தீக்காப்புச் செலவு எதற்கு என்று சிலர் வினவுகின்றனர்.

கொட்டகை தற்காலிகமானது, உள்ளிருக்கும் பொருள் அத்தகையதன்று. பொதி ஒன்று சுமார் 170 கிலோ. 1,000 பொதி சேரின் 170 டன். சிறு வியாபாரிகள் பலரின் மூலதனம் முழுவதும் அதில் அடங்கும். இரவில் காவலிருப்போரின் உயிரும் அங்கேயே உள்ளது. ஆதலின், கொட்டகை எத்தனை மாதம் நிற்கும் என்பதைக்கொண்டன்று, உள்ளே இருப்பது யாது என்பதைக்கொண்டே நாம் முடிவு செய்தல் வேண்டும்.

பஞ்சில் பற்றிய தீ மேலே அணைந்தது போலத் தோன்றியும் பொதியினுள் நாட்கணக்கில் கனன்றிருக்கும். அரைவை ஆலையில் விழுந்த பொறி பொதிக்குள் அமுங்கி வந்து பின்னர் வெளிப்படுதலும் உண்டு. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சுப் பொதிகளும் சுமார் 1,400 டன் வெடிமருந்தும் ஏற்றிய கப்பலில் தீப்பிடித்தது. 900 டன்னுக்கு மேல் நீர் பாய்ச்சியும் அதை அணைக்க இயலவில்லை. கப்பல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கீற்றுக் கூரையின் கொடுமையையோ, 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்து நாம் அறிந்தோம்.

ஆகவே நாம் வேண்டுவன இவை: கூரை தகரமாக இருக்கட்டும், கீற்றும் பிளாஸ்டிக் படுதாவும் வேண்டா. அடுக்குகளுக்கிடையே ஆள் சென்று பொதியை இழுத்து வெளியேற்றத்தக்க வழி விடுக. புதிதாய் வந்த பொதிகளைச் சில நாள் தனியே வைத்துக் கவனிக்க. அடுக்குகளின் மேல் மின்கம்பி செல்லலாகாது. எண்ணெய்ப் பீப்பாய்க்கும் பீடிக்கும் உள்ளே இடமில்லை. நீர்த்தொட்டி, குழாய், மணல் வாளி, தீயணைப்புக் கருவி ஆகியவை வாயிலருகே இருத்தல் வேண்டும். காவலர் உறங்குமிடம் கொட்டகைக்கு வெளியே அமைக. புகை கண்டவுடன் 101-க்குச் செய்தி சொல்ல அவர்களைப் பழக்குக.

இடைவெளி விட்டால் பொதிகள் குறையும் என்பது மெய்யே. மிஞ்சும் பொதிகளுக்கு வேறிடம் தேடலாம். இன்ஷியூரன்ஸ் இருக்கிறதே என்பர். அது சரக்கின் விலையைத் தரலாம். காவலரை அவர் மனைவி மக்களிடம் திருப்பித் தராது.

இச்செலவைக் கொட்டகைச் செலவின் ஒரு பகுதியாகவே ஏற்று, ஒருமனதாக நிறைவேற்றித் தருமாறு வேண்டி அமைகின்றோம்.