ரொட்டியை விடவேண்டாம், அளவை அறிவோம்

(பதுளை மாவட்டத் தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசும் மேடையில் இன்று சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம். இதுவும் தொழிலாளர் பிரச்சினைதான். கால் புண் ஆறாமல் ஒருவர் லயத்தில் படுத்தால் அந்த வீட்டில் ஒரு பேர் குறைகிறது.

முதலில் ரொட்டி. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது; பங்கீட்டில் கோதுமை மா வந்தது. மலிவு, மலைக்குக் கட்டிப்போக லேசு, பசி தாங்கும். அதனால் நம் அடுப்பில் நிலைத்துவிட்டது. அதை விடச் சொல்ல நாம் வரவில்லை. ஆனால் வெறும் வெள்ளை மா இரத்தத்தில் சீக்கிரம் சீனியாகும். ஆகவே மாவில் பாதி குரக்கன் சேர்ப்போம், முருங்கைக் கீரை போட்டுப் பிசைவோம். மூன்று ரொட்டியும் சம்பலும் என்பதை இரண்டு ரொட்டி, பருப்பு, கீரைச் சுண்டல் என்று மாற்றுவோம். குரக்கனும் மாச்சத்துதான், அதற்கும் அளவு உண்டு. வெலிமடை உருளைக்கிழங்கைச் சோற்றோடு சேர்த்து அல்ல, சோற்றுக்குப் பதிலாகச் சாப்பிடுவோம்.

அடுத்தது தேத்தண்ணி. நாளைக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் பத்துத் தேக்கரண்டி, ஏறத்தாழ 40 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்கு நல்லது என்று சொல்வது சுமார் 25 கிராம். அதில் பிஸ்கட்டும் சோடாவும் அடக்கம். ஒரே நாளில் நிறுத்த முடியாது. இந்த வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று. இஞ்சி தட்டிப் போட்டால் வெறும் சாயமும் ருசிக்கும். கித்துள் கருப்பட்டி கெடுதியில்லை என்று நம்பவேண்டாம், அதுவும் சீனிதான். போத்தல் பானத்தில் சிவப்புக் குறி இருந்தால் சீனி அதிகம் என்று அர்த்தம்.

தீபாவளிப் பலகாரத்தை முற்றாக மறுக்கவேண்டாம். ஒன்று எடுத்தால் அந்த வேளை சோற்றைக் குறைப்போம்.

ஒரு எச்சரிக்கை. மருந்து போட்டுவிட்டு வெறும் வயிற்றில் மலை ஏறவேண்டாம். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் சீனி இறங்கியிருக்கலாம். உடனே மூன்று நான்கு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பிறகு ஏதாவது சாப்பிடவேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும்.

35 வயது கடந்தவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில் 126 அல்லது அதற்கு மேல் காட்டினால் மறுபடி சோதித்து மருத்துவரைக் காணவேண்டும். ஆனால் கிளினிக் நாளில் பேர் போகிறதே என்று பலர் போவதில்லை. இங்கேதான் சங்கத்துக்கு வேலை. கிளினிக் அட்டை காட்டினால் பேர் வெட்டக் கூடாது. மாதம் ஒருமுறை பரிசோதனை தோட்டத்துக்கே வரவேண்டும். இந்த இரண்டையும் கோரிக்கையாக வைப்போம். ஒவ்வொரு லயத்திலும் கிளினிக் போகிறவர்களின் எண்ணிக்கையைத் தோட்டத் தலைவிமார் எடுத்துத் தந்தால், துரையிடம் கணக்கோடு பேசலாம்.