ஐந்து காசும் ஒரு படகுத்துறையும்

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பஸ் கட்டணம் கொஞ்சம் ஏறினாலும் நம் வீட்டு அடுப்பில் அது தெரியும். ஹாங்காங் நகரில் இன்று இல்லாமற்போன ஒரு படகுத்துறையின் கதையும் ஐந்து காசில்தான் சூடுபிடித்தது.

ஹாங்காங் தீவுக்கும் எதிர்க்கரையான கௌலூனுக்கும் நடுவே கடல். அதில் படகுப் போக்குவரத்தை நடத்தியவர் பம்பாய்ப் பார்சி தோராப்ஜி நவ்ரோஜி. சமையற்காரராக இருந்தவராம்! 1898-ல் தொழில் கைமாறி 'ஸ்டார் பெர்ரி' கம்பெனி ஆயிற்று. 1957-ல் தீவின் கரையில், எடின்பரோ பிளேஸ் என்ற இடத்தில், மணிக்கூண்டோடு புதிய துறையைத் திறந்தார்கள். அருகிலேயே 'ராணித் துறை'. அங்கே பிரிட்டிஷ் கவர்னர்கள் வந்திறங்குவார்கள். இங்கே வேலைக்கு ஓடுகிற ஜனங்கள். படகிலும் மேல்தட்டு முதல் வகுப்பு, கீழ்த்தட்டு இரண்டாம் வகுப்பு. கடலுக்கடியில் சுரங்கச் சாலை வந்தது 1972-ல்தான். அதுவரை அக்கரை போகப் படகை விட்டால் கதியில்லை.

1965-ல் கம்பெனி முதல் வகுப்புக் கட்டணத்தை 20 காசிலிருந்து 25 ஆக்க அனுமதி கேட்டது. மேல்தட்டுக்காரனுக்கு ஏறினால் கீழ்த்தட்டுக்காரனுக்கு என்ன? ஒன்று ஏறினால் மற்றதெல்லாம் பின்னாலேயே ஏறும். அதை அந்த ஜனங்கள் அறிந்திருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியை, நகரசபை உறுப்பினர் எல்சி எலியட், 20,000-க்கு மேற்பட்ட கையெழுத்துக்களைத் திரட்டினார். போக்குவரத்து ஆலோசனைக் கமிட்டியில் எதிர்த்து விழுந்த ஒரே வோட்டும் அவருடையதே.

1966 ஏப்ரல் 4. சோ சௌ-சுங் என்ற வாலிபர், கறுப்புச் சட்டையில் கோரிக்கையை எழுதிக்கொண்டு, இந்தத் துறையிலேயே உண்ணாவிரதம் தொடங்கினார். தனி ஆள்! மறுநாள் போலீஸ் கைது செய்தது. கௌலூன் தெருக்கள் கொதித்தன. கண்ணீர்ப்புகை, துப்பாக்கி, ஊரடங்கு. ஒருவர் மாண்டார், 1,400 பேருக்கு மேல் கைதாயினர். அரசாங்கம் விசாரணைக் கமிஷன் வைத்தது. கட்டணமோ ஏறியே தீர்ந்தது.

அந்தத் துறையை எதிரி குண்டு போட்டு அழிக்கவில்லை. கடலைத் தூர்த்துச் சாலை போடுவதற்காக அரசாங்கமே இடித்தது. 2006 நவம்பர் 11-ல் கடைசிப் படகு புறப்பட்டது. டிசம்பரில் மணிக்கூண்டை இடிக்க வந்தபோது இளைஞர்கள் உள்ளே புகுந்து மறித்தார்கள், போலீஸ் அப்புறப்படுத்தியது. அடுத்த ஆண்டு ராணித் துறைக்காகவும் உண்ணாவிரதம் இருந்தார்கள். வேடிக்கை பாருங்கள், கவர்னர் இறங்கிய படிக்கட்டைக் காக்கவும் பட்டினி கிடந்தது சாதாரண ஜனங்களே! அதுவும் பெயர்க்கப்பட்டது.

படகுகள் வேறொரு புதிய துறைக்குப் போய்விட்டன. சோ அமர்ந்த இடம் தரையோடு தரையாகிவிட்டது. கடலும் அங்கிருந்து தள்ளிப் போய்விட்டது.