அழித்த கோப்பை மீட்டல்

நோட்டன் பிரிட்ஜ் என்றதும் அணைக்கட்டும், 1965ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திரா மின்நிலையமும் நினைவுக்கு வரும். பீட்டர் நோட்டன் என்னும் அமெரிக்கருக்கும் அவ்வூருக்கும் யாதொரு தொடர்புமில்லை. பெயர்ப் பொருத்தம் மட்டுமே. ஆயினும், கணினி வைத்திருப்போர் அவரை அறிந்திருத்தல் நன்று. கைதவறி அழித்துவிட்ட கோப்பை மீண்டும் தட்டெழுத மனமின்றி, அதனை மீட்கும் செய்நிரலொன்றை அவர் எழுதினார். 1982இல் அது விற்பனைக்கு வந்தது.

இஃது எவ்வாறு இயன்றது? தோட்டத்துச் செக்ரோலில் பெயர் வெட்டப்பட்டவரும், வேறொரு குடும்பம் குடிபுகும் வரை லயத்துக் காம்பிராவிலேயே இருக்கக்கூடும் அல்லவா? கணினியும் அவ்வாறே பதிவேட்டில் பெயரை வெட்டி, இடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. உள்ளே கிடப்பதை உடனே தொடுவதில்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோராகி, சிலர் 2003 வரை குடியுரிமைக்காகக் காத்திருந்த மலையகத்தில், பாட்டனாரின் பத்திரத்தைப் பிடித்துவைத்த படம் எளிய பொருளன்று. மூலப்பத்திரம் மழையில் நைந்திருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. அதனை அழித்துவிட்டவர் முதலில் கணினியின் குப்பைத்தொட்டியைப் பார்த்தல் வேண்டும். அங்கு இல்லையெனில் உடனே வேலையை நிறுத்திவிட வேண்டும். மீட்புச் செய்நிரலை அதே வட்டில் நிறுவுதலே பலரும் செய்யும் பிழை. புதிதாக வருவது பழையதன் மேலேயே அமர்ந்துவிடலாம். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பூட்டி, மீண்டதை வேறு வட்டில் சேமித்தலே முறை.

சுழலும் தட்டில்லாத இக்காலத்துத் திண்மநிலை வட்டுகளிலோ, காலியென்று குறித்த இடத்தை வட்டே விரைவில் துடைத்துவிடுகிறது. அங்கே நோட்டனின் உபாயம் பெரும்பாலும் பலிப்பதில்லை.